வீடு ஓரிடத்தில், புள்ளி வேறிடத்தில்: குடியிருப்பு மேப்பிங்கில் வரும் கோளாறுகள்

அரசு வரைபடத்தில் வெற்றிடமாகக் கிடக்கும் ஒரு குடியிருப்பை, அங்கே வாழ்கிறவர்களே ஃபோனும் அச்சுத் தாளுமாக வரையத் தொடங்கினால், முதல் வாரத்திலேயே ஏதோ ஒன்று ஒத்துவராமல் போகும். புள்ளி தள்ளி விழும், படிவம் காணாமல் போகும், ஒரே வீடு இரண்டு தடவை எண்ணப்படும். இந்த வேலையில் நான் திரும்பத் திரும்பப் பார்த்தது இதுதான்: கோளாறு திரையில் தெரிந்தாலும் அது கிளம்பிய இடம் பெரும்பாலும் சந்துக்குள்ளேதான் இருக்கிறது. அதனால் கீழே ஒவ்வொன்றிலும் திரையில் தெரிகிற அறிகுறியில் தொடங்கி, எங்கே போய்ப் பார்க்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை. உங்களுக்கு எது நடந்திருக்கிறதோ அந்தத் தலைப்புக்குப் போய்விடலாம்.

வரைய, யாரும் திருத்தக்கூடிய பொது இணைய வரைபடமான ஓபன்ஸ்ட்ரீட்மேப், வீடு வீடாகத் தகவல் எடுக்கக் கோபோ கலெக்ட் அல்லது ஓடிகே கலெக்ட், நடந்த தடத்தைப் பதிய ஓஎஸ்எம்ஆண்ட், கடைசியில் கணக்கிடவும் அச்சிடவும் கியூஜிஐஎஸ் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். வேறு ஆப் வைத்திருந்தாலும் அறிகுறிகள் ஏறக்குறைய இவையேதான்.

எதைத் திருத்தும் முன்பும் ஒன்றைச் செய்துவிடுங்கள். சர்வரில் இருக்கும் தரவை அப்படியே இறக்கி, தேதி போட்டு, தனியாக எடுத்து வையுங்கள். அந்தக் கோப்பை யாரும் தொடக்கூடாது. திருத்தமெல்லாம் நகலில்தான்.

புள்ளிகள் கடலில் விழுகின்றன, அல்லது வேறொரு நாட்டில் நிற்கின்றன

பார்த்ததும் பதறவைக்கும், ஆனால் இங்கே சொல்லப்போவதிலேயே எளிதானது இதுதான். ஆப்பிரிக்காவுக்கு மேற்கே கினியா வளைகுடாவில் புள்ளிகள் குவிந்திருந்தால் அவற்றின் அட்சம், தீர்க்கம் இரண்டுமே பூஜ்யம் என்று பொருள். ஜிபிஎஸ் பிடிக்காமலே படிவம் மூடப்பட்டிருக்கும். காலியான கட்டம் பின்னால் 0 ஆகியிருக்கும். அந்த இடத்தைத் தரவிலிருந்து மீட்க முடியாது. படிவத்தில் வீட்டு எண் இருந்தால் அதை வைத்துக் கையால் இடம் வையுங்கள்.

புள்ளிகள் வேறு நாட்டிலோ துருவத்துக்கு அருகிலோ இருந்தால் அட்சமும் தீர்க்கமும் இடம் மாறியிருக்கின்றன. நாம் பேச்சில் அட்சத்தை முதலில் சொல்கிறோம். இடத் தரவைச் சேமிக்கும் ஜியோஜேசன் என்ற கோப்பு வகை தீர்க்கத்தை முதலில் எதிர்பார்க்கும். கியூஜிஐஎஸ்ஸில் அட்டவணையை ஏற்றும்போது எக்ஸ் என்ற இடத்தில் தீர்க்கம், ஒய் என்ற இடத்தில் அட்சம்.

புள்ளிகள் கோலப் புள்ளி மாதிரி சம இடைவெளியில் நின்றால், யாரோ அட்டவணையைத் திறந்து சேமித்தபோது தசம இலக்கங்கள் வெட்டப்பட்டிருக்கின்றன. ஒரு டிகிரி அட்சம் தரையில் சுமார் 111 கிலோமீட்டர். மூன்று இலக்கம் மட்டும் மிஞ்சினால் அடுத்தடுத்த இரண்டு புள்ளிகளுக்கு நடுவே 111 மீட்டர் இடைவெளி விழும். ஐந்து இலக்கம் இருந்தால்தான் ஒரு மீட்டர் அளவுக்கு வரும். இதைச் சரிசெய்ய முயல வேண்டாம், எடுத்து வைத்த மூலக் கோப்பிலிருந்து மறுபடி தொடங்குங்கள்.

எல்லா வீடுகளும் ஒரே பக்கமாகத் தள்ளி நிற்கின்றன

முதலில் ஒன்றைப் பிரித்துப் பாருங்கள். எல்லாமே ஒரே திசையில், ஏறத்தாழ ஒரே தூரம் தள்ளியிருந்தால் பின்னணியில் இருக்கும் செயற்கைக்கோள் படம் நகர்ந்திருக்கிறது. ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் போயிருந்தால் அது ஜிபிஎஸ் சிதறல். அடுத்த தலைப்புக்குப் போங்கள்.

படங்கள் சில மீட்டர் தள்ளியிருப்பது சாதாரணம். அகலச் சாலைகள் உள்ள இடத்தில் அது யார் கண்ணிலும் படாது. சந்தின் அகலமே ஒன்றரை மீட்டர் என்றால், ஐந்து மீட்டர் நகர்வு ஒரு வரிசை வீடுகளை அடுத்த வரிசையின் மேல் கொண்டுபோய் வைத்துவிடும். குடியிருப்பின் ஓரத்தில் வானம் நன்றாகத் தெரியும் இடம் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்: சாலைச் சந்திப்பு, மைதானத்தின் மூலை, பாலத்தின் முனை. வேறு வேறு நாட்களில், வேறு வேறு ஃபோன்களில் அதே வழியில் நடந்து தடம் எடுங்கள். ஒரு தடத்தை நம்பிப் படத்தை நகர்த்தினால் அந்த ஒரு தடத்தின் பிழை முழு வரைபடத்திலும் ஏறிவிடும். எல்லாத் தடங்களையும் ஒன்றாகப் போட்டு, அவற்றின் நடுவே படத்தைப் பொருத்துங்கள். ஓபன்ஸ்ட்ரீட்மேப்பின் இணையத் தொகுப்பானிலும், கணினியில் நிறுவிக்கொள்ளும் ஜேஓஎஸ்எம் தொகுப்பானிலும் பின்னணிப் படத்தை நகர்த்தும் வசதி இருக்கிறது.

நகர்த்திய அளவைத் தாளில் பெரிதாக எழுதி, வேலை செய்யும் அறையில் ஒட்டிவிடுங்கள். குழுவில் பத்துப் பேர் பத்து அளவில் நகர்த்தி வரைந்தால் வரும் குழப்பம், நகர்த்தாமலே விட்டால் வருவதைவிட மோசம். மலைச்சரிவில் இருக்கும் குடியிருப்பென்றால் ஒரே அளவு போதாது. மேல்பகுதிக்கும் கீழ்ப்பகுதிக்கும் தனித்தனியாகப் பாருங்கள்.

இன்னொன்று, பல மாடிக் கட்டடங்கள் படத்தில் சாய்ந்து தெரியும். கூரையின் ஓரத்தைப் பிடித்து வரைந்தால் வீடு சந்தின்மேல் உட்காரும். கூரையை வரைந்து, அந்த உருவத்தை அப்படியே சுவரின் அடிவரை இழுத்து வையுங்கள்.

புள்ளிகள் சிதறுகின்றன, தடம் கூரைமேல் ஓடுகிறது

இதைக் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் பல குழுக்கள் இங்கேதான் வாரக்கணக்கில் உழைப்பை இழக்கின்றன.

திறந்தவெளியில் நல்ல ஃபோன் ஒன்றின் ஜிபிஎஸ் சுமார் ஐந்து மீட்டருக்குள் இடத்தைச் சொல்லும். தகரக் கூரைகளும் நெருக்கமான சுவர்களும் இருக்கும் சந்தில் செயற்கைக்கோளின் சிக்னல் நேராக வராமல் சுவரில் மோதித் திரும்பி வருகிறது. ஃபோனுக்கு அது தெரியாது. வந்த தூரம் கூடிவிட்டதாக எடுத்துக்கொண்டு இடத்தைத் தவறாகக் கணக்கிடும். திரையில் அது காட்டும் துல்லிய எண்ணையும் அப்படியே நம்ப முடியாது. ஆண்ட்ராய்டில் ‘4 மீட்டர்’ என்று காட்டினால், உண்மையான இடம் அந்த வட்டத்துக்குள் இருக்க 68 சதவீத வாய்ப்பு என்றுதான் அர்த்தம். மூன்று புள்ளிகளில் ஏறக்குறைய ஒன்று வட்டத்துக்கு வெளியேதான் இருக்கும்.

இப்போது வீட்டின் அளவை நினைத்துப் பாருங்கள். முகப்பு மூன்று மீட்டர் இருக்கும் வீட்டை, ஐந்து மீட்டர் தடுமாறும் கருவி எப்படிப் பக்கத்து வீட்டிலிருந்து பிரித்துச் சொல்லும்? ஃபோனை மாற்றினாலும் ஆப்பை மாற்றினாலும் இந்தக் கணக்கு மாறாது. வாசலில் நின்று புள்ளி எடுக்கும் முறையே இந்த மாதிரி இடத்துக்குப் பொருந்தவில்லை.

மாற்று வழி இது. முதலில் படத்தைப் பார்த்துக் கூரைகளை வரைந்துகொள்ளுங்கள். அதைப் பெரிய அளவில் அச்சிட்டுச் சந்துக்குள் எடுத்துப் போங்கள். ஃபீல்டு பேப்பர்ஸ் போன்ற கருவி பகுதி பகுதியாகப் பிரித்து அச்சிட்டுத் தரும், கியூஜிஐஎஸ்ஸிலும் செய்யலாம். அங்கே குடியிருப்பவர் ஒருவர் கூடவே நடக்கட்டும். மேலிருந்து பார்த்தால் ஒரே தகரக் கூரையாகத் தெரிவதன் கீழே நான்கு குடும்பங்கள் நான்கு வாசலோடு இருக்கும். அந்தச் சுவர்களை எந்தப் படமும் காட்டாது. அவர் சொல்லச் சொல்லத் தாளில் கோடு போட்டுப் பிரித்து, ஒவ்வொரு பிரிவுக்கும் ஓர் எண் கொடுங்கள். அதே எண்ணைக் கதவிலும் சாக்பீஸால் எழுதி, படிவத்திலும் பதியுங்கள். ஜிபிஎஸ்ஸைச் சரிபார்க்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்: எண் 47 என்று பதிந்த படிவத்தின் புள்ளி குடியிருப்பின் மறுமுனையில் இருந்தால் எண் தப்பாகியிருக்கிறது என்று தெரிந்துவிடும்.

தனியாக நிற்கும் பொதுக் குழாய், விளக்குக் கம்பம் மாதிரியானவற்றுக்கு ஜிபிஎஸ் போதும். ஆனால் ஆப்பைத் திறந்த உடனே பதியாதீர்கள். காலையில் கிளம்பும்போது திறந்தவெளியில் இரண்டு மூன்று நிமிடம் நின்று ஃபோன் செயற்கைக்கோள்களைப் பிடிக்கட்டும், அப்புறம் உள்ளே போங்கள்.

தடம் பாதியில் அறுந்துவிடுகிறது

ஃபோனின் பேட்டரி சேமிப்புதான் காரணம். திரை அணைந்ததும் பின்னணியில் ஓடும் ஆப்பை அது நிறுத்திவிடுகிறது. அமைப்புகளில் பேட்டரிப் பகுதிக்குப் போய், தடம் எடுக்கும் ஆப்புக்கு மட்டும் கட்டுப்பாட்டை நீக்குங்கள். அறுந்த இடத்தை நேர்கோட்டால் இணைத்து ஒப்பேற்ற வேண்டாம். அந்தக் கோடு ஒரு வீட்டின் நடுவே போகும், பின்னால் யாரோ அதைப் பாதை என்று வரைவார்கள்.

புகைப்படத்தில் இடத் தகவல் இல்லையென்றால், அது வாட்ஸ்அப் வழியாக வந்ததா என்று கேளுங்கள். சாதாரணமாகப் படமாக அனுப்பினால் இடத் தகவல் நீங்கிவிடும். கேபிள் வழியாக நேரடியாக நகலெடுங்கள்.

நாள் முழுக்க எடுத்த படிவங்கள் சர்வரில் இல்லை

முதலில், ஆப்பை நீக்காதீர்கள். ‘நீக்கிவிட்டு மறுபடி போட்டால் சரியாகும்’ என்று யாராவது சொல்வார்கள். அனுப்பாத படிவங்கள் ஃபோனுக்குள்தான் இருக்கின்றன. ஆப்போடு அவையும் போய்விடும். நான் இருந்த குழுவில் ஒருமுறை ஓர் இளைஞர் இப்படி ஆப்பை நீக்கிவிட்டார். கதவு திறந்து பொறுமையாகப் பதில் சொன்னவர்களிடம் மறுநாள் போய் ‘மன்னிச்சிடுங்க, மறுபடி சொல்லுங்க’ என்று நின்றோம். அந்த இளைஞரின் முகம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. தப்பு அவருடையதாக இருக்கவில்லை, அவருக்குச் சொல்லித்தராத எங்களுடையது.

பார்க்க வேண்டிய வரிசை: ஆப்பின் முகப்பில் ‘டிராஃப்ட்ஸ்’ என்ற இடத்தில் படிவங்கள் இருக்கின்றனவா? இருந்தால் அவை முடிக்கப்படவில்லை. கட்டாயக் கேள்வி ஒன்று விடுபட்டிருக்கும். திறந்து கடைசிவரை போய் முடியுங்கள். ‘ரெடி டு செண்ட்’ இடத்தில் இருந்தால் முடிந்துவிட்டன, அனுப்பப்படவில்லை. தானாக அனுப்பும் வசதி வைஃபைக்கு மட்டும் என்று வைக்கப்பட்டிருக்கிறதா பாருங்கள். ‘செண்ட்’ (அனுப்பியாயிற்று) இடத்தில் இருந்தும் சர்வரில் காணோம் என்றால் ஃபோன் வேறொரு கணக்கோடு இணைந்திருக்கிறது. பயிற்சிக்காகத் திறந்த சோதனைக் கணக்கில் போய்ப் பாருங்கள், பெரும்பாலும் அங்கே இருக்கும்.

அனுப்பும்போது பாதியில் நின்றுவிட்டால் புகைப்படங்கள் பெரிதாக இருக்கின்றன. படிவம் அமைக்கும் அட்டவணையில் படத்துக்கு அதிகபட்ச அளவு குறிப்பிடலாம். நீளமான பக்கம் 1024 பிக்சல் என்று வைத்தாலே குழாயும் கழிப்பறையும் தெளிவாகத் தெரியும்.

படிவங்கள் வந்துவிட்டன, ஆனால் ஒரு கேள்விக்குப் பாதிப் பதில்கள் காலி என்றால், நடுவில் படிவம் மாற்றப்பட்டிருக்கிறது. பழைய வடிவத்தின் பதில்கள் அட்டவணையின் வேறொரு நெடுவரிசையில் இருக்கும். கோபோவில் இறக்கும்போது எல்லாப் பதிப்புகளின் கேள்விகளையும் சேர்க்கச் சொல்லும் தேர்வைப் போடுங்கள். அதைவிட, களவேலை தொடங்கியபின் கேள்வியின் உள்பெயரை மாற்றாமலிருப்பது நல்லது.

தமிழ் எழுத்து உடைந்து தெரிகிறது

சிஎஸ்வி கோப்பை இரட்டைச் சொடுக்கில் எக்செல்லில் திறந்தால் தமிழ் கிறுக்கலாக வரும். தரவு கெடவில்லை. தரவை இறக்குமதி செய்யும் வழியில் போய், யுடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியீட்டு முறையைத் தேர்ந்தெடுத்துத் திறங்கள். உடைந்து தெரியும் நிலையில் சேமித்தால்தான் உண்மையிலேயே கெடும்.

பெயர்கள் பாதியில் வெட்டுப்பட்டிருந்தால் காரணம் ஷேப்ஃபைல் என்ற பழைய வரைபடக் கோப்பு வகை. அதில் ஓர் எழுத்துப் புலத்துக்கு 254 பைட்தான் இடம். ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட் போதும். யுடிஎஃப்-8இல் தமிழின் ஒவ்வொரு குறியீட்டுக்கும் மூன்று பைட் வேண்டும். ‘கி’ என்பது ககரமும் இகரக் குறியும் சேர்ந்தது என்பதால் ஆறு பைட். அதாவது 84 குறியீடுகளோடு இடம் தீர்ந்துவிடும். ஒருவர் தன் சந்தின் கதையைச் சொன்ன குறிப்பு அதில் அடங்காது. நெடுவரிசைத் தலைப்பும் பத்து எழுத்துக்கு மேல் போகாது. ஜியோபேக்கேஜ் வடிவத்தில் சேமியுங்கள், இந்தத் தொல்லை முழுக்கப் போய்விடும்.

பரப்பளவு நம்ப முடியாத அளவுக்கு வருகிறது

0.0000 என்று தொடங்கும் எண் வந்தால் டிகிரியில் அளந்திருக்கிறீர்கள். எண் பார்க்க நியாயமாக, ஆனால் கூடுதலாக இருந்தால் இணைய வரைபடங்கள் உருண்டை பூமியைத் தட்டையாக்கிக் காட்டும் வெப் மெர்க்கேட்டர் முறையில் அளந்திருக்கிறீர்கள். அந்த முறையில் நிலநடுக்கோட்டிலிருந்து விலக விலகப் பரப்பு ஊதிக்கொண்டே போகும்: 13 டிகிரி அட்சத்தில் சுமார் 5 சதவீதம், கராச்சி இருக்கும் 25 டிகிரிப் பக்கம் சுமார் 22 சதவீதம். ஒரு ஹெக்டேரில் எத்தனை குடும்பம் என்று பேசும் இடத்தில் இது சின்னப் பிழை கிடையாது. உலகை மண்டலங்களாகப் பிரித்து மீட்டரில் அளக்கும் யுடிஎம் முறையில், உங்கள் பகுதிக்குரிய மண்டலத்துக்கு லேயரை (வரைபடத்தின் தரவு அடுக்கை) மாற்றி ஏற்றுமதி செய்து அளவெடுங்கள். லேயரின் ஆயமுறை (இடத்தை எண்ணால் குறிக்கும் முறை) என்று இருக்கும் பெயரை மட்டும் மாற்றிவிட்டால் போதாது. அது பெட்டியின் மேல் ஒட்டிய சீட்டை மாற்றுவது மாதிரி, உள்ளே இருப்பது மாறாது.

வீடுகளின் எண்ணிக்கை ஒத்துவரவில்லை

வரைபடத்தில் 310 கூரை, படிவத்தில் 520 வீடு, குடியிருப்போர் சங்கத்தின் பட்டியலில் 700 குடும்பம் என்று வைத்துக்கொள்வோம். மூன்றில் எது சரி என்று கேட்பதற்கு முன், மூன்றும் ஒரே பொருளைத்தான் எண்ணினவா என்று கேளுங்கள். ஒன்று கூரையை எண்ணியது, ஒன்று வாசலை, இன்னொன்று அடுப்பை. ஒரு கூரைக்குக் கீழே பல வாசல், ஒரு வாசலுக்குள் பல அடுப்பு இருக்கலாம். ஒரே சமையலில் சாப்பிடுகிறவர்கள் ஒரு குடும்பம் என்ற வரையறையை முதல் நாளே குழுவோடு பேசி முடிவுசெய்து, மூன்றுக்கும் தனித்தனி எண் கொடுங்கள். கட்டடம் 12, வாசல் 12-3, குடும்பம் 12-3-2 என்பது போல. எண்ணே உறவைச் சொல்லிவிடும்.

அதற்குப் பிறகும் ஒத்துவரவில்லை என்றால் இவற்றைத் தேடுங்கள். பூட்டிய கதவுகளை ‘காலி’ என்று பதிந்திருக்கிறார்களா? பகலில் பூட்டியிருக்கும் வீட்டில் ஆள் இல்லை என்று முடிவுசெய்ய முடியாது. மாலையிலும் விடுமுறை நாளிலும் போய்ப் பார்க்க வேண்டும், அதுவரை ‘பூட்டியது’ என்றே இருக்கட்டும். ஏணி வைத்து ஏறும் மாடி அறைகளை எண்ணினார்களா? இரண்டு குழுக்களின் எல்லை ஒரு சந்தின் நடுக்கோடாக இருந்தால் இருபுறமும் இரண்டு குழுவும் எண்ணியிருக்கும், அல்லது யாருமே எண்ணியிருக்க மாட்டார்கள். வீட்டின் சொந்தக்காரரிடம் மட்டும் கேட்டிருந்தால் வாடகைக்காரர்கள் விட்டுப்போயிருப்பார்கள். வாடகைக்கு இருப்பவர்களிடம் அவர்கள் வாசலிலேயே கேளுங்கள், உரிமையாளரை நடுவில் வைத்துக் கேட்காதீர்கள்.

எண்ணிக்கை திடீரென ஏறினால் அதற்கு வேறு காரணம். குழுவில் யாரோ, நல்லெண்ணத்தில்தான், ‘பேர் கொடுத்தா வீடு கிடைக்கும்’ என்று சொல்லியிருப்பார்கள். அன்றிலிருந்து ஒரு குடும்பம் இரண்டாகப் பிரியும். படிவங்களைத் தேதிவாரியாக வரிசைப்படுத்தினால் எந்த நாளில், எந்தச் சந்தில் அது தொடங்கியது என்று தெரியும். அந்த நாளுக்குப் பிந்தைய படிவங்களைச் சந்துக்காரர்களை உட்காரவைத்து ஒவ்வொன்றாகப் படித்துச் சரிபாருங்கள். ஒரு சந்தில் யார் யார் இருக்கிறார்கள் என்பது அந்தச் சந்துக்கு நன்றாகத் தெரியும்.

இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்றால், கட்டாயம் வேண்டும். கென்யத் தலைநகர் நைரோபியின் குடிசைப் பகுதியான கிபேராவில் பத்து லட்சம் பேர் என்று நெடுங்காலம் சொல்லப்பட்டது. கென்யாவின் 2009 மக்கள்தொகைக் கணக்கு 1,70,070 என்றது. இரண்டு எண்ணுக்கும் நடுவே இருக்கும் அந்த இடைவெளியில்தான் எத்தனை குழாய், எத்தனை கழிப்பறை என்ற முடிவுகள் எடுக்கப்படுகின்றன. அதே 2009இல் அங்குள்ள இளைஞர்கள் ஜிபிஎஸ் கருவியோடு நடந்து தங்கள் பகுதியை ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் ஏற்றத் தொடங்கினார்கள். மும்பையில் 1985இலேயே நடைபாதையில் வாழ்ந்தவர்களின் கணக்கெடுப்பு அவர்களின் பங்கேற்போடு நடந்தது. அப்போது டிஜிட்டல் கருவி எதுவும் கிடையாது, காகிதத்தில்தான் எண்ணினார்கள்.

வரைந்தது தெரியவில்லை, அல்லது நேற்று இருந்தது இன்று இல்லை

தெரியவில்லை என்றால் மூன்று வாய்ப்பு. சேமிக்கவே இல்லை, அதே கணினியில் அதே உலாவியைத் திறந்தால் இணையத் தொகுப்பான் ‘விட்ட இடத்திலிருந்து தொடரவா’ என்று கேட்கும். சேமித்தாயிற்று, ஆனால் உலாவி பழைய படத்தையே காட்டுகிறது. கண்ட்ரோல், ஷிஃப்ட், ஆர் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். மூன்றாவது, அந்தப் பொருளை வழக்கமான வரைபட வடிவம் காட்டுவதே இல்லை. தளத்தில் கேள்விக்குறிப் பொத்தானை அழுத்தி அந்த இடத்தைத் தொட்டால், தரவில் இருக்கிறதா என்று பட்டியலே சொல்லிவிடும்.

இருந்தது போய்விட்டால் அந்தப் பகுதியின் மாற்ற வரலாற்றைத் திறந்து யார், என்ன காரணம் சொல்லி நீக்கினார்கள் என்று படியுங்கள். பெரும்பாலும் பின்னணி இதுதான்: உங்கள் குழுவில் ஒருவர் கூகுள் மேப்ஸைப் பார்த்து வரைந்திருப்பார், உரிமை விதிப்படி அது அனுமதி இல்லாதது. அல்லது ஒன்றன்மேல் ஒன்றாக வீடுகள் வரையப்பட்டிருக்கும், தொலைவில் இருக்கும் ஒருவர் அதைப் பிழை என்று நினைத்து அழித்திருப்பார். சண்டைக்குப் போகாமல் அந்த மாற்றத்தின் கீழேயே எழுதுங்கள்: நாங்கள் இங்கே குடியிருப்பவர்கள், நடந்து பார்த்து வரைந்தோம் என்று. ஒவ்வொரு முறை சேமிக்கும்போதும் எந்தச் சந்து, எந்தத் தேதியில் நேரில் பார்த்தது என்று குறிப்பில் எழுதி வந்தால் பாதித் தகராறு வராமலே போகும்.

ஒரே சந்துக்கு மூன்று பெயர்

பலகையில் ஒன்று, ரசீதில் ஒன்று, வாயில் ஒன்று. ஒன்றைத் தேர்ந்தெடுத்து மற்றதை அழிக்க வேண்டியதில்லை. ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் முதன்மைப் பெயர், மாற்றுப் பெயர், வட்டாரப் பெயர், பழைய பெயர் எல்லாவற்றுக்கும் தனித்தனி டேக் (தகவலைக் குறிக்கும் சொல்) உண்டு. எது முதன்மை என்பதை ஆம்புலன்ஸுக்கு ஃபோன் செய்தால் எந்தப் பெயரைச் சொல்வீர்கள் என்று கேட்டு முடிவுசெய்யலாம். சாதியைச் சொல்லி இழிவாக வழங்கும் பெயராக இருந்தால் அங்கே இருப்பவர்கள் என்ன சொல்கிறார்களோ அதுதான் முடிவு.

எல்லாம் சரியாக இருக்கிறது, ஆனால் பார்ப்பவர்கள் முகம் சுளிக்கிறார்கள்

வரைபடத்தை விரித்து வைக்கிறீர்கள். கழிப்பறை, குழாய், விளக்கு எல்லாம் இடத்தில் இருக்கின்றன. பெண்கள் பார்த்துவிட்டு, ‘இதுல நாங்க போற வழியே இல்லையே’ என்கிறார்கள். களத்துக்குப் போன குழுவின் பட்டியலை எடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் இளைஞர்களாக, ஆண்களாக இருப்பார்கள், பகலில் போயிருப்பார்கள். கழிப்பறை என்று ஒரு குறி போட்டால் போதாது. திறந்திருக்கிறதா, சாவி யாரிடம், உள்ளே தண்ணீர் வருகிறதா, கதவுக்குத் தாழ்ப்பாள் உண்டா, போகும் வழியில் விளக்கு எரிகிறதா என்பவைதான் அந்தக் குறியை உண்மையாக்கும். பெண்களைக் கொண்டு தனியாக ஒரு சுற்று, அவர்கள் சொல்லும் நேரத்தில், நடத்துங்கள். சக்கர நாற்காலியில் இருப்பவரோடும் ஒரு சுற்று போனால் ‘பாதை’ என்று குறித்ததில் எத்தனை உண்மையில் படிக்கட்டு என்று தெரிந்துவிடும்.

வெள்ளம் வரும் இடமென்றால் மழைக்காலத்தையும் கேட்டுப் பதியுங்கள். டார் எஸ் சலாமில் 2015இல் தொடங்கிய ரமணி ஹூரியா வேலையில் மாணவர்களும் அப்பகுதி மக்களும் சேர்ந்து வடிகால்களையும் கட்டடங்களையும் வெள்ள ஆபத்தை மனத்தில் வைத்து வரைந்தார்கள். போன மழைக்குத் தண்ணீர் எதுவரை நின்றது என்று கேட்டால், சுவரில் கை வைத்தே காட்டுவார்கள். அந்த உயரத்தை டேப் வைத்து அளந்து எழுதுங்கள்.

கதவுகள் மூடிக்கொள்கின்றன

நேற்றுவரை பேசியவர்கள் இன்று ‘அப்புறம் வாங்க’ என்கிறார்கள். இதை ஒத்துழையாமை என்று குறித்துக்கொண்டு அடுத்த சந்துக்குப் போவதுதான் பெரிய தப்பு. களவேலையை நிறுத்துங்கள். ஒரு நாள் போனால் பரவாயில்லை.

பிறகு குழுவில் ஒவ்வொருவரையும் தனியாகக் கேளுங்கள்: ‘இந்தத் தகவல் யாருக்குப் போகும் என்று கேட்டதற்கு நீங்கள் என்ன சொன்னீர்கள்?’ ஐந்து பேர் ஐந்து பதில் சொல்லியிருந்தால் அந்த ஐந்தும் இரவுக்குள் சந்தில் ஒன்றாகப் பேசப்பட்டிருக்கும். எல்லோரும் சேர்ந்து ஒரே பதிலை, உண்மையான பதிலை, எழுதி வைத்துக்கொள்ளுங்கள். தெரியாததை வாக்களிக்க வேண்டாம்.

அவர்கள் பயத்துக்குக் காரணம் இருக்கிறது. எங்கே யார் இருக்கிறார்கள் என்ற அதே வரைபடம் குழாய் போடவும் பயன்படும், இடிக்க வரும் இயந்திரத்துக்கு வழி காட்டவும் பயன்படும். கராச்சியின் குடியிருப்புகளை ஆண்டுக்கணக்கில் ஆவணப்படுத்தி வந்த பர்வீன் ரஹ்மான் 2013 மார்ச் 13 அன்று சுட்டுக் கொல்லப்பட்டார். நிலம், தண்ணீர் பற்றிய தகவலுக்கு இருக்கும் எடை அவ்வளவு.

எனவே தரவை இரண்டாகப் பிரித்துவிடுங்கள். பாதை, பொதுக் குழாய், கழிப்பறை, வடிகால், பள்ளி போன்றவை ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில், எல்லோர் பார்வைக்கும் போகலாம், அதுவும் குடியிருப்பவர்கள் ஒப்புக்கொண்டால். பெயர், வாடகை, நோய், மதம், அனுமதியில்லாத மின் இணைப்பு, வந்த ஊர் இவை எதுவும் அங்கே போகக்கூடாது. பின்னால் அழித்துக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள். ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் நீக்கியது திரையிலிருந்து போகும், வரலாற்றில் இருக்கும். வீட்டுத் தகவல் இருக்கும் கோப்பின் கடவுச்சொல் யார் யாரிடம் இருக்கலாம் என்பதைக் குடியிருப்பவர்களின் கூட்டத்திலேயே முடிவுசெய்யுங்கள். வேலையை விட்டுப் போனவரின் கணக்கை அன்றே மூடுங்கள். வெளியே கொடுக்கும் அட்டவணையில் வீடு தெரியக்கூடாது, சந்துவாரியான கூட்டுத்தொகை போதும். ஒரு சந்தில் நான்கைந்து வீடுதான் என்றால் அதைப் பக்கத்துச் சந்தோடு சேர்த்துவிடுங்கள்.

இதையெல்லாம் செய்த பிறகும் ஒருவர் வேண்டாம் என்றால் அவர் வீடு கணக்கில் ‘பதில் தரவில்லை’ என்று இருக்கட்டும். அதுவும் முறையான பதிவுதான்.

அலுவலகம் வரைபடத்தை ஏற்க மறுக்கிறது

‘இது அதிகாரபூர்வமானது இல்லை’ என்ற ஒரே வரியில் திருப்பி அனுப்புவார்கள். கோபம் வரும், நியாயமான கோபம்தான். ஆனால் அதற்கு முன் தாளை எடுத்துப் பாருங்கள். அளவுக்கோடு இருக்கிறதா? வடக்கு? எந்தத் தேதியில் எடுத்தது? பின்னணிப் படம் எந்த ஆண்டினது? எத்தனை வாசல், எத்தனை பூட்டியது, எத்தனை பதில் தரவில்லை? இவை இல்லாத வரைபடத்தை ஒதுக்குவது எந்த அதிகாரிக்கும் எளிது. ஓரத்தில் ஒரு கட்டம் போட்டு எல்லாவற்றையும் எழுதுங்கள், குறைகளையும் சேர்த்து.

அடுத்து, அவர்களிடம் இருக்கும் நில அளவை வரைபடத்தை வாங்கி, உங்கள் லேயரை அதன்மேல் வைத்து அச்சிட்டுக் கொண்டுபோங்கள். அவர்களுடைய எல்லைக்கல்லும் உங்கள் குழாயும் ஒரே தாளில் இருந்தால் பேச்சு மாறும். கராச்சியின் ஒராங்கியில் மக்கள் தங்கள் சந்துகளில் தாங்களே கழிவுநீர்க் குழாய் பதித்தார்கள். அந்த நீர் எங்கே போய்ச் சேர்கிறது என்று இளைஞர்கள் தொடர்ந்து அளந்து வரைந்ததில், இயற்கை ஓடைகளே கழிவுநீர் வழியாக இருப்பது தாளில் துலங்கியது. அந்த மாதிரி, நீங்கள் எதைக் கேட்கிறீர்களோ அந்த ஒன்றை மட்டும் காட்டும் தாள் ஒன்று தயார் செய்யுங்கள். எல்லாத் தகவலும் அடைத்த வண்ணமயமான தாளில் மூன்று அடைபட்ட வடிகால்கள் கண்ணில் படாது.

முடிந்தால் அதிகாரியைத் தாளோடு சந்துக்குள் நடக்கக் கூப்பிடுங்கள். அவர் விரும்பும் எந்தப் பத்து இடத்தையும் அவரே தேர்ந்தெடுத்துச் சரிபார்க்கட்டும். பிழை கண்டுபிடித்தால் அங்கேயே, அவர் முன்னாலேயே, பென்சிலால் திருத்திக் கையெழுத்து வாங்குங்கள். திரும்பி வந்ததும் அந்தத் திருத்தத்தை முதலில் ஏற்றிவிட்டு, புதிய தேதியோடு ஒரு பிரதியைக் குடியிருப்பின் பொது இடத்தில் மாட்டுங்கள். பக்கத்தில் நூலில் கட்டிய பென்சில் ஒன்றும் தொங்கட்டும். மாதத்தில் ஒரு நாள் குறித்துக்கொண்டு, அதில் மக்கள் எழுதியிருப்பதை எடுத்துப் போய் நேரில் பார்த்து, வரைபடத்தில் மாற்றுங்கள்.